அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் ஜூரி தகுதிப் படிவம்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் ஃபெடரல் (மத்திய அரசின்) மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, தகுதிப் படிவம் வந்ததும், குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில் "இது நமக்கு ஏன் வந்தது?" என்ற பதற்றம்தான் முதலில் எழுகிறது. வாக்காளர் பட்டியலோடு, பல மாவட்டங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுப்பதால், தகுதியில்லாதவர்களுக்கும் அது வந்துசேரும். குடிமக்களே ஜூரியாக முடியும் என்பதால், குடியுரிமை பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று உண்மையாகக் குறித்துக் குறித்த கெடுவுக்குள் அனுப்பிவிட்டால் போதும். கிடப்பில் போடுவதும், பொய்யாக 'ஆம்' என்று குறிப்பதும் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஜூரித் தேர்வு பற்றிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய இந்தப் படிவம், 18 வயது நிறைவு, மாவட்டத்தில் ஓராண்டு வசிப்பு, ஆங்கிலப் புழக்கம், ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க வழக்கு நிலுவையில் இல்லாமை ஆகியவற்றைத் தெளிவாகக் கேட்கிறது. இனம் பற்றிய கேள்வி பலரை உறுத்துகிறது. ஆனால் பாரபட்சம் நேராமல் கண்காணிக்கவே அதைக் கேட்பதாகவும், தகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் அங்கேயே விளக்கியிருப்பது பாராட்டத்தக்கது. தாமே நிரப்ப இயலாதவருக்காக வேறொருவர் நிரப்பலாம், ஆனால் அதையும் அதற்கான காரணத்தையும் குறிப்பிட வேண்டும் என்ற ஏற்பாடும் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலிருந்தபடியே நிரப்ப இணைய வசதியும் உண்டு.

படிவம் இன்னும் எடுப்பாகச் சொல்ல வேண்டியது, விலக்குக்கும் விடுவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை. பணியிலிருக்கும் படைவீரர்களும், தொழில்முறைக் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும், முழுநேர அரசுப் பதவியாளர்களும் விரும்பினாலும் ஜூரியாக அமர முடியாது. 70 வயதைக் கடந்தோர் பல மாவட்டங்களில் கேட்டால்தான் விடுவிக்கப்படுவார்கள். கேட்காமல் இருந்துவிட்டால் கடமை அப்படியே நிற்கும். அழைப்பாணையைத் தக்க காரணமின்றி மீறினால் 1,000 டாலர் வரை அபராதமோ மூன்று நாள் வரை சிறையோ நேரலாம்.

எனக்குள்ள பெரிய மனக்குறை ஊதியம் பற்றியது. ஜூரியாகச் செல்பவரை முதலாளி வேலையிலிருந்து நீக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆயினும் அந்நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் வற்புறுத்துவதும் இல்லை. நீதிமன்றம் தரும் நாளொன்றுக்கு 50 டாலரை நம்பி, மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் வாரக்கணக்கில் எப்படி அமர்வார்? அவர் கடும் சிரமம் என்று விண்ணப்பித்து விடுவிப்புப் பெறுகிறார். உழைப்பாளிகளின் குரல் தீர்ப்பு அறையில் குறைகிறது. இந்தத் தொகையை உயர்த்துவதே அவசரமான சீர்திருத்தம்.