வெள்ளியங்கிரி மூங்கில் தடி: 40 ரூபாய்க்கு வாங்கலாமா?

கோவைப் பக்கம் ஏழு மலை ஏற வேண்டிய வெள்ளியங்கிரிக்குப் பூண்டிதான் அடிவாரம். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி கோயில் பக்கம் நடந்தாலே கடைகளில் மூங்கில் தடியைக் கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருப்பார்கள். காலேஜ் நாட்களில் வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறியவன் நான். அப்போதெல்லாம் தடி என்பது பெரியவங்க சமாச்சாரம். அதன்பிறகு கல்யாணம், மில்லில் கணக்கு வேலை, பையன் படிப்பு என்று மலைப் பக்கமே போகவில்லை. இப்போது வயது 49, எடை 84 கிலோ. மாசி மாதம் அக்கா மகனோடு மறுபடி ஏறினேன். அவன் ஆன்லைனில் வாங்கிய மடக்கு அலுமினியக் கம்பு ஒரு ஜோடி கொண்டு வந்தான், விலை 1,800. நான் அடிவாரத்தில் 40 ரூபாய்க்கு ஒரு மூங்கில் வாங்கினேன். இந்த விமர்சனம் அந்த மூங்கிலுக்கு.

முதலில், எடுக்கும்போது பார்க்க வேண்டியது. கடைக்காரம்மா, "சாமி, மேல பாக்காதீங்க, அடியப் பாருங்க" என்றார். சரியான பேச்சு. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டியிருந்தால் நுனி கெட்டியாக இருக்கும், கல்லில் இடித்தாலும் சீக்கிரம் பிளக்காது. இரண்டு கணுவுக்கு நடுவே வெட்டியது பாதி வழியிலேயே விளக்குமாறு மாதிரி விரிந்துவிடும். தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கீறல் விழுந்த தடி சத்தத்திலேயே தெரிந்துவிடும். உயரம் உங்கள் தோளுக்காவது வர வேண்டும். இடுப்பளவுத் தடியை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். காரணம் இறங்கும்போது புரியும்.

முதல் மலை முழுக்கக் கல்படி. ஒரு படி அரையடி, அடுத்தது முழங்கால் உயரம். ஏறும்போது தடியால் பெரிய உதவி என்று சொல்ல மாட்டேன். மூச்சு வாங்குவதைத் தடி குறைக்காது. அதற்கு நான் வாராவாரம் மருதமலைப் படி ஏறி இறங்கியதுதான் உதவியது. (சர்க்கரை, பிபி, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதைச் சும்மா அறிவிப்பு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சீசனிலும் இந்த மலையில் உயிர் போகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.) வழுக்குப்பாறையில் அலுமினியக் கம்பின் இரும்பு நுனி கீச்சென்று சறுக்கியது, ரப்பர் மூடி போட்டபிறகுதான் பிடித்தது. மூங்கில் அடி கொஞ்சம் நைந்திருந்ததால் பாறையில் அப்படியே உட்கார்ந்தது. ஏழாவது மலையில் படி கிடையாது, செங்குத்து. காற்று ஆளைத் தள்ளும். அங்கே ஊன்றி நிற்க ஒன்று வேண்டும், எதுவானாலும் சரி.

தடிக்குக் காசு கொடுத்ததன் பலன் இறக்கத்தில்தான். இளவயதில் படிப்படியாகக் குதித்து இறங்கிவிடலாம். இந்த வயதில் ஒவ்வொரு படியிலும் உடம்பு எடை மொத்தமும் முட்டியில் விழும். தொடைத் தசை நீண்டுகொண்டே அதைத் தாங்க வேண்டும். ரெண்டு நாள் கழித்து வீட்டு மாடிப்படி இறங்க முடியாமல் போவது அதனால்தான். காலை வைப்பதற்கு முன் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, எடையைக் கைக்கு மாற்றி, பிறகு கால். இதற்குத் தடி நீளமாக இருக்க வேண்டும். மூங்கிலில் ஏறும்போது நடுவில் பிடிக்கலாம், இறங்கும்போது உச்சியில் பிடிக்கலாம், படிக்குப் படி மாற்றிக்கொள்ளலாம். அலுமினியத்தில் ஒவ்வொரு தடவையும் நின்று, திருகி, நீட்டி, மறுபடி திருக வேண்டும். நான்காவது மலை இறக்கத்தில் மருமகனுடைய கம்பில் ஒன்று பூட்டு விட்டுப்போய் அப்படியே உள்ளே இறங்கியது. "மாமா, அதக் கொஞ்சம் குடுங்க" என்றான். கொடுக்கவில்லை. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். திருகுப் பூட்டு உள்ளதை விட்டு, நெம்புகோல் மாதிரி மடக்கிப் பூட்டுவதை வாங்குங்கள், அவ்வளவுதான்.)

குறை இல்லாமல் இல்லை. கைப்பிடி கிடையாது, வேர்த்த கையில் வழுக்கும், கணு உராய்ந்து உள்ளங்கையில் கொப்புளம் வரும். ஒரு பழைய துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டால் போதும். சிலாம்பு ஏறவும் வாய்ப்புண்டு, முதலில் தரையில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அலுமினியத்தைவிடக் கனம், ஆறு மலை தாண்டும்போது தோள் அதைச் சொல்லும். இரவு ஏறுபவர்கள் கை டார்ச்சை நம்பாமல் தலையில் மாட்டும் லைட் வாங்குங்கள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடி என்றால் விழும்போது பிடிக்கக் கை மிஞ்சாது.

ஒரே சந்தேகம், ஒன்றா இரண்டா என்பது. நாற்பது தாண்டியவர்களுக்கு இரண்டு என்பேன். ஒற்றைத் தடியில் ஒரு பக்கத் தோளும் இடுப்பும் மட்டும் வேலை செய்கின்றன. எனக்கு மறுநாள் வலது தோள் மட்டும் தூக்க முடியவில்லை. இரண்டு வாங்கினாலும் 80 ரூபாய்தான். அடுத்த சீசனுக்கு இதே தடி வரும், நுனியை மட்டும் அடுத்த கணு வரைக்கும் அறுத்துவிட்டால் ஆயிற்று. அதற்காகவும்தான் உயரமாக எடுக்கச் சொன்னேன். திரும்பும்போது கோவை காந்திபுரம் பஸ்ஸில் கூட்டமிருந்தால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். சீசன் நேரத்தில் அங்கே ஏற்கெனவே ஏழெட்டு நிற்கும், உங்களுடையதில் துணி சுற்றியிருந்தால் அடையாளம் தெரியும்.