மெட்டோப்ரோலால்: சித்திரை வெயிலிலும் சில்லிடும் கால்

தேவகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு நெஞ்சுவலிக்காக மெட்டோப்ரோலால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணே, நீங்க வருஷக்கணக்காப் போடுறீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டான். போனில் சொன்னது போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் என் கோபம். கை, கால் சில்லிடுகிறது. காரைக்குடியில் சித்திரை மாதம், வெளியே தார் ரோடு கொதிக்கிறது. நான் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறேன். ஆத்தங்குடிக் கல்லின் குளுமைக்காகவே மதியத்தில் எல்லோரும் பாய்கூட விரிக்காமல் படுக்கிற வீடு இது. எனக்கு அந்தத் தரையில் கால் வைக்க முடியவில்லை. அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பிகளை இந்த மருந்து மறிக்கிறது; அதனால்தான் இந்த வகைக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். இதயம் நிதானமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதோடு விரல் நுனிவரை போகும் ரத்தமும் குறைந்துவிடுகிறது. காரணம் புரிந்தும் எரிச்சல் போகவில்லை. மருத்துவரிடம் சொன்னால் "இது சகஜம்" என்று முடித்துவிடுகிறார். சகஜம்தான், ஆனால் கால் என்னுடையது! விரல் நிறம் மாறினாலோ, நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தாலோ மட்டும் தாமதிக்காமல் போய்ச் சொல்ல வேண்டும்.

குன்றக்குடி மலைப்படி ஏறும்போதும் கால் கனக்கிறது. ஏற்றத்துக்குத் தக்கபடி இதயத் துடிப்பு கூடுவதில்லை, அதனால் நின்று நின்றுதான் ஏற முடியும். ஆனால் நியாயமாகப் பேசினால், மருந்துக்கு முன்னால் பாதிப் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த இறுக்கம் இப்போது வருவதில்லை. இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டித் தருவதைவிட அதன் தேவையைக் குறைக்கலாமே என்று யோசித்து, இதே வகை மருந்தான புரோப்ரனலாலைக் கொண்டுவந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். உச்சிப் படியில் நிற்கும்போது அது சரியென்றே படுகிறது.

தம்பி, உனக்குச் சர்க்கரையும் இருப்பதால் இதைக் கவனமாகப் படி. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடக்கூடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சோதித்துப் பார். சின்ன வயதில் உனக்கு மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) இருந்ததே, அதை மருத்துவரிடம் சொன்னாயா? சொல்லாவிட்டால் இன்றைக்கே சொல். உனக்குத் தந்திருப்பது மெதுவாகக் கரையும் எக்ஸ்எல் வகை என்றால் மெல்லாதே, பொடிக்காதே.

அப்புறம், நீயாக நிறுத்திவிடாதே. கல்யாண வீடு, வெளியூர், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று எதுவும் காரணமாகக் கூடாது. திடீரென்று விட்டால் நெஞ்சுவலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம், மாரடைப்பே வரலாம். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

சரி, மனசாரப் பிடித்திருக்கிறதா என்றால், இல்லை. நெஞ்சு நன்றாக இருந்தும் இல்லைதான். ரத்தக் குழாயை விரிக்கும் தன்மையும் உள்ள நெபிவோலால் என்ற பீட்டா பிளாக்கர் இருக்கிறது. எனக்கு அது ஒத்துவருமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். அவர் மாற்றித் தரும்வரை காலைப் பலகாரத்துக்குப் பிறகு இதே மாத்திரைதான்.