பால் சங்கத்தில் தானியங்கிக் கொள்முதல் கருவி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தில் தானியங்கிக் கொள்முதல் கருவி வைத்துச் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. தினமும் அங்கே பால் ஊற்றுகிறவன், சங்கக் கணக்கிலும் கொஞ்சம் கை கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

செட்டில் இருப்பவை: மின்னணுத் தராசு, பாலின் தரத்தை அளக்கும் மில்க் அனலைசர், உறுப்பினர் பக்கம் திரும்பிய டிஸ்பிளே, ரசீது பிரிண்டர், எல்லாவற்றையும் கேபிளில் இணைக்கும் கம்ப்யூட்டர். எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை. பிரிண்டர் படுத்துவிட்டால் ரசீதைக் கையால் எழுதிக்கொண்டே பால் எடுக்கலாம். ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கித் தராசின் போர்டு போய்விட்டது. பக்கத்து டவுனில் வேறு கம்பெனித் தராசு வாங்கி அதே கேபிளில் மாட்டி, செட்டிங்கை மாற்றியதும் எடை திரையில் ஏறிவிட்டது. எல்லாம் ஒரே பெட்டியில் வரும் மாடல் மேசையை அடைக்காதுதான். ஆனால் ஒரு பாகம் கெட்டாலும் முழுப் பெட்டியும் சர்வீஸுக்குப் போகும். அதுவரை மாடு பால் கறக்காமல் இருக்குமா?

முன்பு கெர்பர் முறைதான். 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால் ஊற்றி, குழாயை இயந்திரத்தில் சுற்றவிட்டு ஃபேட், அதாவது கொழுப்பின் அளவு, பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உடனுக்குடன் அதைச் செய்ய முடியாது. டெஸ்ட்டர் பிறகு சொல்வதுதான் ஃபேட். இப்போது ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள்), லிட்டர், தொகை எல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணெதிரே வந்துவிடும். காலைப் பாலில் பொதுவாக ஃபேட் குறையும், மாலையில் ஏறும். ரசீதுகளை அடுக்கிப் பார்த்து அதை உறுப்பினர்களே பேசிக்கொள்ளத் தொடங்கியபின் கவுன்ட்டர் சண்டை பாதியாகிவிட்டது.

அனலைசரை மட்டும் கண்ணை மூடி நம்பக்கூடாது. எங்களுடையது ஒலியலையை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் வகை. பாலில் நுரை இருந்தாலோ புளிப்பு ஏறியிருந்தாலோ அளவு தப்பும். உள்குழாயில் கொழுப்பு படிந்தாலும் அப்படித்தான். தினமும் வேலை முடிந்ததும் கழுவும் திரவம் ஓடியே ஆக வேண்டும். யூரியா கலந்த பாலைப் பிடிக்கும் திறமை இதற்குக் கிடையாது, எஸ்.என்.எஃப். நன்றாக இருப்பதாகவே காட்டிவிடும். ஃபேட் அளவு தப்பலாம் என்பதால் பழைய கெர்பர் செட்டைத் தூக்கிப் போடவில்லை. அவ்வப்போது அதில் ஒத்துப் பார்த்துத்தான் அனலைசரைத் திருத்துகிறோம்.

நான் எதிர்பார்க்காத நன்மை போனஸில் கிடைத்தது. கூட்டுறவில் லாபம், யார் எவ்வளவு பால் ஊற்றினார்கள் என்பதை வைத்துப் பிரிய வேண்டும். பேரேட்டிலிருந்து ஆண்டுக் கணக்கைக் கூட்டும்போது யாராவது ஒருவருக்கு மனக்குறை வரும். இப்போது ஒரு மாடு வைத்திருக்கும் அக்காவும் தன் கணக்கைத் தாளில் வாங்கிச் சரிபார்த்துவிட்டுப் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கிறார். இதற்காகவே கருவிக்குக் கொடுத்த காசு தகும் என்பேன்.

கடுப்பேற்றுவது மென்பொருள். தராசை ஒரே நாளில் மாற்ற முடிந்த எங்களுக்கு அதை மாற்ற வழியில்லை. கொள்முதல் விலை திருத்தப்பட்டால் புதிய விலைப்பட்டியலை ஏற்றக்கூட விற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும், பாஸ்வேர்ட் அவர்களிடம். எங்கள் பாலின் பழைய கணக்கு முழுவதும் அவர்கள் மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்பாகக் கிடக்கிறது. கருவி சங்கத்துச் சொத்து, கணக்கு மட்டும் வேறொருவர் பூட்டுக்குள் என்றால் அது என்ன கூட்டுறவு? பல கம்பெனிக் கருவிகளோடு இயங்கும்படி தேசியப் பால்வள வாரியம் ஏ.எம்.சி.எஸ். என்ற பொது மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. அது உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் உங்கள் சங்கம் சேர்ந்திருக்கும் பால் ஒன்றியத்தில் விசாரியுங்கள்.

தனியார் மென்பொருள்தான் என்றால், நிர்வாக பாஸ்வேர்ட் சங்கத்திடம் இருக்கும், கணக்கை எக்செல்லில் எடுக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். டெமோ காட்ட வரும்போதே ஏதாவதொரு பழைய தேதியின் கணக்கைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி, அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.