நாற்பது நிமிடக் கணினியிலிருந்து என்விடிஏ வரை: 2010 முதல் என் அனுபவம்

என்னைப் போன்ற பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஸ்க்ரீன் ரீடர். அவற்றில் ஒன்றான ஜாஸை உரிமம் வாங்காமல் நிறுவினால் நாற்பது நிமிடம் பேசும். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம் கிடைக்கும். 2010இல் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டில் மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, அது அணைந்து எழுந்திருக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கட்டுரை எழுத உட்காரும்போது அம்மாவிடம் சொல்லி வைப்பேன். அவர் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வார். முப்பத்தைந்து நிமிடம் ஆனதும், "ஏய்யா, நேரமாச்சு, சேவ் பண்ணிக்க" என்று குரல் வரும். சேவ் பண்ணுவது என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் மகன் எழுதியது போய்விடும் என்பது மட்டும் தெரியும். மூன்று வருடப் பட்டப்படிப்பில் பாதியை இப்படித்தான் எழுதி முடித்தேன்.

அன்றைக்கு ஜாஸின் அமெரிக்கப் பட்டியல் விலை சாதாரணப் பதிப்புக்கு 895 டாலர், ப்ரொஃபஷனல் பதிப்புக்கு 1,095 டாலர். அன்றைய மதிப்பில் 895 டாலர் என்பது ஏறக்குறைய 40,000 ரூபாய். அப்பாவுக்கு மில்லில் அது எட்டு மாதச் சம்பளம். வாங்கினாலும் அதோடு முடியாது, புதிய பதிப்புகளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

இதில் ஜாஸை உருவாக்கியவர்களைக் குற்றவாளிகளாக்க எனக்கு மனமில்லை. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் நடந்த விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் தொடங்கிய வேலை அது. 1989இல், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்திலேயே வெளிவந்துவிட்டது. உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் அதை வைத்துத்தான் அலுவலக வேலைக்குள் நுழைந்தார்கள். விலை ஏன் அவ்வளவு என்றால், வாங்குபவர்கள் சிலர், ஆனால் வேர்டு, எக்செல், பிரவுசர் என ஒவ்வொன்றும் மாறும்போதெல்லாம் இதையும் மாற்றி எழுத வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் அரசு அமைப்போ வேலை கொடுப்பவரோ காசு கட்டிவிடுகிறார்கள். ஆக, விலை நிறுவனங்களின் பையைப் பார்த்து வைக்கப்பட்டது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மில் தொழிலாளியின் மகன் தானே வாங்க வேண்டியிருக்கும் என்று அந்தக் கணக்கில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதனால் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். விடுதியில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு சிடியில் கிராக் செய்த ஜாஸ் கிடைத்தது. எட்டு மாதம் ஓடியது. அதோடு வந்த வைரஸ் ஒரு நாள் என் செமினார் கோப்புகளை மொத்தமாகத் தின்றுவிட்டது. கோப்பு போனதைவிட வேறொன்றுதான் என்னை அதிகம் வருத்தியது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் எனக்கு இருந்த ஒரே வழி திருட்டுப் பிரதியாக இருந்தது. உதவி கேட்டு யாருக்காவது எழுதக்கூட முடியாது. எந்தப் பதிப்பு, உரிம எண் என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள்.

2012இல் தங்கைக்குப் பள்ளியில் அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளமும் சேர்ந்தே இருந்த அந்த மாடல் பலருக்கு நினைவிருக்கும். அதே மாதம் விடுதி நண்பன் ஒருவன் பென்டிரைவில் என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடரைக் கொடுத்தான். நிறுவக்கூட வேண்டாம், போர்ட்டபிள் பிரதி, என்டர் தட்டினால் போதும் என்றான். இரவு தங்கை தூங்கிய பிறகு தட்டினேன். சின்ன இசைத்துணுக்கு ஒன்று வந்தது, பேச ஆரம்பித்தது. நான் வேர்டைத் திறந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். மனது மட்டும் நேரத்திலேயே இருந்தது. நாற்பதாவது நிமிடம் தாண்டியது. ஒரு மணி நேரம் ஆனது. நிற்கவில்லை. அன்றிரவு இரண்டு மணிக்கு நானேதான் அணைத்தேன்.

பிறகுதான் அதன் கதையைத் தெரிந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் தே என்ற நண்பர், அவரும் பார்வையற்றவர், கூடச் சேர்ந்துகொண்டார். இருவரும் 2007இல் என்வி ஆக்செஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆரம்ப நாட்களில் மோசில்லா அறக்கட்டளை நிதி உதவி செய்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, நிரல் முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. பார்க்கிறவர்கள் காசு கொடுக்காமல் திரையைப் பார்க்கும்போது நாம் ஏன் அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. இன்று மெனுக்களும் அறிவிப்புகளும் தமிழிலேயே வருகின்றன. நம்மவர்கள் ஊதியம் வாங்காமல் மொழிபெயர்த்துத் தந்தவை அவை.

பென்டிரைவில் தூக்கிப் போக முடிந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. உரிமம் வாங்கிய மென்பொருள் குறிப்பிட்ட கணினியில்தான் ஓடும். என்விடிஏ சட்டைப் பையில் இருந்தது. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் அண்ணனிடம், "அண்ணே, எதையும் இன்ஸ்டால் பண்ண மாட்டேன், இதைச் செருகிக்கிறேன்" என்று கேட்டு, ஓரமாக ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து, என் வேலைக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதுவரை சாதிச் சான்றிதழ் எண்ணிலிருந்து பாஸ்வேர்டு வரை இன்னொருவரிடம் சொல்லித்தான் நிரப்பியிருந்தேன்.

தினசரிப் பயன்பாட்டுக்கு வருகிறேன். இணையத்தில் ஹெச் எழுத்தைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவது, இன்ஸர்ட்டோடு எஃப்7 தட்டி இணைப்புகளின் பட்டியலை எடுப்பது, இதெல்லாம் ஜாஸில் பழகிய கைக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எக்செல்லில் ஆரம்ப வருடங்களில் என்விடிஏ தடுமாறும், பெரிய ஷீட்டில் மூச்சு வாங்கும். இப்போது அந்தக் குறை எனக்குப் பெரிதாக இல்லை. வருடத்துக்குச் சில புதிய பதிப்புகள் வருகின்றன. அவசரப்பட்டு உடனே மாற்றாதீர்கள். என்விடிஏவோடு நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் துணைநிரல்கள் (ஆட்-ஆன்) புதிய பதிப்பில் ஓடுமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். தங்கையின் மடிக்கணினியைப் போல விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 2023.3 வரிசைதான் கடைசி, அதற்கு மேல் ஏறாது.

குரல் விஷயத்தில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஜாஸோடு வரும் எலோக்வென்ஸ் குரல் காதுக்கு இதமானது, ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும், தகரத்தில் தட்டியது போலப் பேசும். முதல் மூன்று வாரம் தலைவலியே வந்தது. ஆனாலும் அதைத்தான் பழகச் சொல்வேன். பட்டனைத் தட்டிய அடுத்த கணமே பேசுவது அதுதான், எவ்வளவு வேகம் கூட்டினாலும் எழுத்தை விழுங்காது. கூட இருப்பவர்களுக்குப் புரியாத வேகத்தில்தான் நான் இன்று கேட்கிறேன். கதை, கட்டுரை படிக்க விண்டோஸ் 10 முதல் இலவசமாகக் கிடைக்கும் வள்ளுவர் குரலை வைத்துக்கொள்கிறேன். தமிழை அது மனிதர் படிப்பது போலப் படிக்கிறது. வேலை செய்யும்போது மட்டும் அரை நொடி பின்தங்குவது எரிச்சலாக இருக்கும். இரண்டு குரலுக்கும் இரண்டு ப்ரொஃபைல் (அமைப்புகளின் தொகுப்பு) போட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நாளில் என்னை அதிகம் அழ வைத்தது ஸ்க்ரீன் ரீடரே அல்ல, பழைய எழுத்துருக்கள்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் உங்கள் கண்ணுக்கு 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். எனக்கு அது "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று கேட்கும். ஏனென்றால் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. என்விடிஏவாக இருந்தாலும் ஆயிரம் டாலர் ஜாஸாக இருந்தாலும் உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியும். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்று ஆணையிட்டது. இன்றும் எனக்கு வரும் சுற்றறிக்கைகளில் பல பழைய எழுத்துருவில் வருகின்றன, அல்லது ஸ்கேன் செய்த படமாக வருகின்றன. காசு கொடுத்தாலும் தீராத சிக்கல் இது. தட்டச்சு செய்கிறவர் யூனிகோடில் செய்தால் ஒரு பைசா செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

இதற்கு நான் கண்ட வழிகள் இரண்டு. பழைய எழுத்துரு வேர்டு கோப்பாக இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்கிறேன். ஸ்கேன் படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கிறேன். தமிழ் எழுத்துகளை வியக்கும்படி எடுத்துத் தருகிறது. அட்டவணை இருந்தால் மட்டும் எல்லாம் கலைந்துவிடும். போன வருடம் ஒரு பணி மூப்புப் பட்டியலை அப்படிப் படிக்கப் போய், பெயர் ஒரு பக்கமும் தேதி ஒரு பக்கமுமாக வந்து, கடைசியில் பக்கத்து மேசை அக்காவைத்தான் படிக்கச் சொன்னேன். என் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை எனக்கு முன்னால் அவர் தெரிந்துகொண்டார்.

செல்போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோக்கியா காலத்தில் போன் திரையைப் படித்துச் சொல்லும் டாக்ஸ் என்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உரிமம் அந்த போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு கட்டப்பட்டிருக்கும், போன் தொலைந்தால் அதற்காக அலைய வேண்டும். ஆண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் உள்ளேயே வந்ததும் அந்தச் செலவு அடியோடு போனது. கேமராவில் காட்டியதை என்னவென்று தெரிந்துகொள்ள உதவும் செயலிகளான மைக்ரோசாஃப்ட்டின் சீயிங் ஏஐ, பி மை ஐஸ் இரண்டும் இலவசம். மாத்திரை அட்டையின் பெயரையும் காலாவதித் தேதியையும் இவற்றில் கேட்டுத்தான் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

மென்பொருள் இலவசமானாலும் கற்றுக்கொள்வது இலவசமாகவில்லை. பயிற்சிக்குச் சென்னையில் மூன்று மாதம் தங்க வேண்டுமானால் விடுதி, சாப்பாடு, கூட வருபவரின் கூலி என்று ஒரு குடும்பம் தாங்க முடியாத தொகை ஆகிறது. பெண்பிள்ளைகளை அனுப்பவே யோசிக்கிறார்கள். அதனால் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என்விடிஏ ரிமோட் வழியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். என் கணினியில் நான் தட்டுவது அவர்களுடைய கணினியில் நடக்கும், அங்கே பேசுவது எனக்கும் கேட்கும். முன்பு தனி துணைநிரலாக இருந்தது 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது கற்றுக்கொள்ளும் நான்கு பேரில் ஒரு பெண், தறி ஓட்டும் வீட்டிலிருந்து வருகிறாள். இரைச்சலில் குரல் கேட்காது என்று இரவு பத்து மணிக்கு மேல்தான் பாடம்.

இனி என் மனக்குறை. நான் எழுத்தராக வேலை பார்க்கும் அலுவலகத்தில் முக்கிய மென்பொருள் வேறு ஊர் சர்வரில் ஓடுகிறது. என் திரைக்கு அதன் படம் மட்டுமே வரும். அந்த ஜன்னலுக்குள் போனால் என்விடிஏ ஊமையாகிவிடுகிறது. சர்வரிலும் அதை நிறுவ முடியுமா என்று கேட்டேன், பாதுகாப்பைக் காட்டி மறுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட அமைப்புக்கு ஜாஸில் வழி இருக்கிறது, அதற்கென்றே தனி உரிமமும் விற்கிறார்கள். வாங்கித் தரச் சொல்லி எழுதினேன். "அதான் ஃப்ரீயாவே ஒண்ணு இருக்கே சார், நீங்களே அதைத்தானே யூஸ் பண்றீங்க" என்று பதில் வந்தது. இரண்டு வருடம் எனக்கு அந்த மென்பொருளில் வேலையே தரவில்லை. தபால் பதிவும் தொலைபேசியும்தான் தந்தார்கள்.

இலவச மென்பொருளைக் கொண்டாடும் நாம் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்விடிஏ இருப்பதால் நம் வீட்டுச் செலவு குறைந்தது. அதைக் காட்டி அலுவலகம் தன் கடமையிலிருந்து நழுவ விடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20ஆவது பிரிவில், அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான தகுந்த ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. எந்த மென்பொருளில், எந்தத் திரையில், எது படிக்கவில்லை, அதனால் எந்த வேலை நிற்கிறது என்று நான்கு பக்கம் எழுதி, அந்தப் பிரிவையும் குறிப்பிட்டு, மறுபடி கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து உரிமம் வந்தது.

இப்போது காலை பத்து மணிக்கு அந்த ஒரு மென்பொருளுக்காக ஜாஸைத் திறக்கிறேன். அது முடிந்ததும் இன்ஸர்ட்டோடு எஃப்4 தட்டி அதை மூடிவிட்டு, கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் அழுத்தி என்விடிஏவுக்கு வருகிறேன். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் குரலும் கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதும், அதனால் ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறங்கள். சம்பளம் வந்த முதல் வருடத்திலிருந்து வருடம் ஒருமுறை என்வி ஆக்செஸுக்கு என்னால் ஆனதை அனுப்புகிறேன். பதிவிறக்கும் பக்கத்தில் நன்கொடை கேட்பார்கள். இன்று உங்களிடம் இல்லையென்றால் கொடுக்காமலே பதிவிறக்கிக்கொள்ளலாம், மென்பொருளில் எதுவும் குறையாது. நானும் ஐந்து வருடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.