கையடக்க ஜீ.பி.எஸ்.ஸா, சோனார் சேர்ந்த கருவியா: திருத்தவேலைக்குப் பின் ஓர் அனுபவப் பகிர்வு

மீன்பிடிக்குக் கையடக்க ஜீ.பி.எஸ். போதுமா, ஒலியைக்கொண்டு ஆழத்தையும் கடலடியையும் காட்டும் சோனாரும் ஜீ.பி.எஸ்.ஸும் ஒரே திரையில் வரும் கூட்டுக் கருவி வேண்டுமா என்று வெள்ளவத்தை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பைபர் படகின் கூட்டுக் கருவி திருத்தவேலை முடிந்து வந்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். கொழும்பு முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டு, 15 முதல் 25 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர்) வரையான ஆழத்தில் பார்களை, அதாவது கடலடிக் கற்பாறைகளைத் தேடி விளைமீனுக்கும் கலவாய்க்கும் தூண்டில் போடுபவர்கள் நாங்கள்; இரண்டு வகைக் கருவிகளையும் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம்.

கூட்டுக் கருவி செய்யும் ஒரு காரியம் இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சோனார் திரையின் வலது ஓரத்தில் தெரிவதே இந்தக் கணத்துக் கடலடி. அதற்கு இடப்புறம் இருப்பதெல்லாம் நாம் கடந்து வந்தது. கல் ஒன்று தெரிந்தவுடன் கையடக்கக் கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்துவதற்குள், 4 நொட் வேகத்தில் போகும் படகு செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வீதம் விலகிவிடுகிறது. 10 செக்கன் தாமதித்தால் 20 மீற்றர். கூட்டுக் கருவியிலோ சுட்டியைப் பின்னால் நகர்த்தி, அந்தக் கல்லின் படத்தின் மீதே வைத்துச் சேமித்தால், படகு அதற்கு மேலே இருந்தபோது பதிவான இடமே புள்ளியாகிவிடும். சோனாரின் ஒலி விரியும் 20 பாகைக் கூம்பு 30 மீற்றர் ஆழத்தில் சுமார் 10 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தை மட்டுமே பார்க்கும் என்பதால், அந்த 20 மீற்றர் தவறினால் கல் திரையில் வராமலே போகும், நங்கூரமும் மணலில் விழும். தாமரைக் கோபுரத்தைக் கரையிலுள்ள இன்னோர் அடையாளத்தோடு நேராக்கி இடம் பிடிக்கும் மூத்தவர்கள்கூட இந்த வசதியை மதிக்கிறார்கள்.

இத்தனை நல்ல கருவியை ஒரு செருகி கெடுக்கிறது. பின்புறத்து மின்செருகியில் உப்பீரம் ஏறி ஊசிகள் பச்சை பிடிக்கின்றன; நன்னீரில் துடைத்து, உலர்த்தி, கிறீஸ் பூசி வைத்தாலும் சில வாரங்களில் திரும்பவும் அதே பச்சை. ஆழம் மட்டும் தெரியாமற் போயிருந்தால் பொறுத்துக்கொள்வேன். கரை மங்கலாகிக்கொண்டிருந்த ஒரு மாலையில் திரை அணைந்தபோது, ஆழத்தோடு எங்கள் புள்ளிகளும் கரைக்கு வரும் பாதையும் சேர்ந்தே மறைந்தன. இரண்டையும் ஒன்றாக்கியவர்கள் இரண்டுக்கும் ஒரே கழுத்தை வைத்துவிட்டார்கள். சட்டைப் பையிலிருந்த, இரண்டு சிறிய பற்றரிகளில் இயங்கும் கையடக்கக் கருவியைப் பார்த்துத்தான் திரும்பினோம்.

கையடக்கக் கருவிக்கும் குறைகள் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. அதற்கு ஆழம் தெரியாது. உள்ளே மின்னணுத் திசைகாட்டி இல்லாத வகையாயின், படகு நகரும்போது மட்டுமே திசையைக் கணிக்கும். மோட்டரை நிறுத்தி மிதக்கும்போது அம்பு நிலையின்றிச் சுற்றும். ஈரக்கையோடு அதன் சிறிய திரையைப் படிப்பதும் சிரமம்.

புள்ளிகளின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்களைப் படியெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அகலக்கோட்டில் கலையின் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீற்றர். இரண்டு தசமத்தோடு நிறுத்திய எண்ணில் ஒவ்வொரு படியும் 18.5 மீற்றர் என்பதால் அதை நம்பிக் கல்லைத் தேட முடியாது. கூட்டுக் கருவியில் சேமித்த ஒவ்வொரு புள்ளியையும் மூன்று தசமத்தோடு கொப்பியிலும் கையடக்கக் கருவியிலும் நாங்கள் பதிந்து வைக்கிறோம்.

நண்பருக்கு என் பதில்: கையடக்கக் கருவியையே வாங்குங்கள். மேலே சொன்னவற்றை நிறுத்துப் பார்த்தால் கூட்டுக் கருவியின் பக்கமே தட்டு தாழும் என்பது எனக்குத் தெரியும். அணைந்த திரையைக் கடலில் வைத்துப் பார்த்தவனுக்கு, அதை இன்னொருவரிடம் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் பிறருடைய படகுகளிலும் போகிறவர்; கையடக்கக் கருவி உங்களோடு வரும். சோளகக் காற்று ஓய்ந்ததும் ஒருநாள் எங்கள் படகுக்கு வாருங்கள், கூட்டுக் கருவியையும் பார்க்கலாம், எங்கள் புள்ளிகளில் வேண்டியவற்றை எழுதியும் கொள்ளலாம்.