பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின் மறுதொடக்கம்: வழிகள் பல, ஓர் ஒப்பீடு

பாதுகாப்புப் புதுப்பிப்பு இறங்கி, நிறுவப்பட்டு, மறுதொடக்கம் செய்யச் சொல்லும் அறிவிப்பும் வந்துவிட்ட பிறகு, அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறவர்களே மிகுதி. திறந்து கிடக்கும் ஆவணங்களையும் பாதியில் நிற்கும் பணியையும் எண்ணினால் அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் திருத்தப்பட்ட கோப்பு வட்டில் வந்து அமர்ந்ததாலேயே கணினி பாதுகாப்பாகிவிடுவதில்லை. ஓட்டையுள்ள பழைய நிரல் நினைவகத்தில் இயங்கும் வரை தாக்குபவருக்கு வழி திறந்தே இருக்கிறது. ஆகவே எந்த இயங்குதளம் குறைவாக மறுதொடக்கம் கேட்கிறது என்பதை விட, திருத்தம் வெளியானதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது என்பதே சரியான அளவுகோல் என்று கருதுகிறேன்.

அந்த இடைவெளியின் விலை 2017இல் தெரிந்தது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அதே ஓட்டையின் வழியாக, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை தாக்குதல் பரவியது மே 12 அன்று. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கைக்கெட்டிய திருத்தம், பிரிட்டனின் மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளின் கணினிகளில் நடைமுறைக்கு வராமலே இருந்தது.

விண்டோஸில் மறுதொடக்கம் அடிக்கடி தேவைப்படுவதற்கு அதன் கட்டமைப்பே காரணம். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் பயன்படுத்தும் கோப்பை அது பொதுவாகப் பூட்டி வைப்பதால், புதிய கோப்பு ஓரமாகக் காத்திருந்து, கணினி மீண்டும் எழும்போதுதான் பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களைத் தொகுத்து வெளியிடும் வழக்கம் 2003 முதல் இருப்பதால், மாதம் ஒரு முறையேனும் இந்தத் தொல்லையை எதிர்பார்த்துக்கொள்ளலாம். நாளொன்றில் 18 மணி நேரம் வரை வேலை நேரமாகக் குறித்துவைத்தால், அந்த நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது; இவ்வளவு பயனுள்ள அமைப்பைப் பலர் திறந்து பார்ப்பதே இல்லை என்பது வருத்தத்திற்குரியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: விரைவுத் தொடக்க வசதி செயலில் இருக்கும் கணினியில் வழக்கமான முறையில் அணைப்பது, இயங்குதளத்தின் மைய நிரலான கர்னலின் நிலையை வட்டில் சேமித்து, அடுத்த முறை அதையே மீட்டெடுக்கிறது. அதனால் தினமும் இரவில் அணைப்பவர், கணினி தினமும் புதிதாகத் தொடங்குகிறது என்று நம்பிவிடக் கூடாது. ரீஸ்டார்ட் கட்டளையோ முழுமையாகத் தொடங்கவைக்கிறது.

லினக்ஸின் வழி நேர்மாறானது. அங்கே பயன்பாட்டில் உள்ள கோப்பையும் மாற்றிவிடலாம்; பழைய நிரல் தன் பழைய பிரதியைப் பிடித்துக்கொண்டே ஓடும், புதிதாகத் தொடங்கும் நிரல்கள் புதிய பிரதியைப் பெறும். வேலை தடைபடுவதில்லை என்பதால் பலரும் இதைப் போற்றுகிறார்கள். எனக்கோ இந்த அமைதிதான் கவலை தருகிறது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யப் பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, நூலகத்தைப் புதுப்பித்துவிட்டு இணையச் சேவையை மட்டும் மீண்டும் தொடங்காமல் விட்டால், அந்தச் சேவை பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்து இயங்கியது. புதுப்பித்தாயிற்று என்ற பதிவு மட்டும் மிஞ்சும். எந்தச் சேவை இன்னும் பழையதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் நீட்ரீஸ்டார்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆயினும் கர்னலே மாறியிருந்தால், லினக்ஸிலும் பொதுவாக மறுதொடக்கம்தான் வழி.

அதையும் தவிர்க்க எழுந்ததே இயங்கும்போதே கர்னலைத் திருத்தும் முறை. பிழையுள்ள செயற்கூறு (நிரலின் ஒரு சிறு பகுதி) அழைக்கப்படும் இடத்திலேயே மறித்து, திருத்தப்பட்ட செயற்கூறுக்குத் திருப்பிவிடுவது இதன் அடிப்படை. கேஸ்பிளைஸ் இதில் முன்னோடி; அதை 2011இல் ஆரக்கிள் வாங்கியது. லினக்ஸ் பதிப்புகளை வழங்கும் ரெட் ஹேட், சூசே நிறுவனங்களின் முயற்சிகளுக்குப் பொதுவான அடித்தளம் 2015இல் லினக்ஸ் 4.0 கர்னலில் இடம்பெற்றது. விண்டோஸும் இந்தப் பாதைக்கு வந்திருக்கிறது: 2025 முதல் நிறுவனங்களுக்கான விண்டோஸ் 11 பதிப்பில், காலாண்டுக்கு ஒரு மாதம் மறுதொடக்கத்துடன் அடிப்படைப் புதுப்பிப்பும், மற்ற இரு மாதங்களில் மறுதொடக்கமற்ற திருத்தமும் என்பது திட்டம். அதாவது ஆண்டுக்குப் பன்னிரண்டு, நான்காகக் குறைகிறது, பூஜ்யமாகிவிடுவதில்லை. தரவுக் கட்டமைப்பையே மாற்றும் திருத்தங்களை ஓடும் கர்னலில் புகுத்துவது மிகக் கடினம். ஒரு நிமிடமும் நிற்கக் கூடாத சேவையகங்களுக்கு இம்முறை பெரும் வரம். தனிப்பட்ட மடிக்கணினிக்கு இது அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

தனிப்பட்ட பயனருக்கு மிகச் சிறந்ததென நான் எண்ணுவது குரோம்புக் மடிக்கணினிகளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் கையாளும் இரட்டைப் பிரிவு முறையையே. வட்டில் இயங்குதளத்துக்கு இரு பிரிவுகள் உண்டு. ஒன்றில் நீங்கள் வேலை செய்யும்போதே புதிய பதிப்பு மற்றொன்றில் முழுமையாக நிறுவப்பட்டுவிடுகிறது. மறுதொடக்கம் என்பது ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மட்டுமே. புதியது சரியாக எழவில்லையெனில் பழைய பிரிவுக்கே திரும்பிவிடலாம். ஆண்ட்ராய்டிலும் 2016இல் வந்த 7.0 பதிப்பு முதல் இதற்கு ஆதரவு உண்டு. கூடுதல் இடம் செலவாகும் என்பதே முக்கியக் குறை. நிறுவும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் மிச்சமாவதால், மறுதொடக்கத்தைத் தள்ளிப்போடும் காரணமும் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

மேக் கணினிகளில் 2020இன் பிக் சர் பதிப்பு முதல் இயங்குதளப் பகுதி குறியாக்க முத்திரையிடப்பட்டே இருப்பதால், வழக்கமான புதுப்பிப்புக்கு மறுதொடக்கம் தவிர்க்க முடியாதது. முன்பு திறந்திருந்த சாளரங்களை மீண்டும் திறந்து தருவது அங்கே ஓர் ஆறுதல்.

இவை எல்லாவற்றையும் விட எளிதான மறுதொடக்கம் உலாவியுடையது. அதுவே கவனிக்கப்படாமலும் போகிறது. குரோம் உலாவிக்கு 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியாகிறது, ஆனால் உலாவியை மூடித் திறக்கும் வரை அது செயல்படாது. மீண்டும் தொடங்கும் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் தாவல்கள் திரும்பிவிடும். மறைநிலைச் சாளரங்கள் மட்டும் திரும்பா என்பதால், அவற்றில் பாதி நிரப்பிய படிவம் ஏதேனும் இருந்தால் முதலில் அதை முடித்துவிட வேண்டும்.