கூலன்ட் குறைகிறது: கைபம்பா, ஒளிரும் சாயமா?

இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் டேங்கில் ஒவ்வொரு நாளும் குறைகிறது, ஆனால் பில்ஜில், அதாவது படகின் அடித்தளத்தில், ஈரமே இல்லை. விசைப்படகு வைத்திருப்பவர்களைத் தூங்கவிடாத பிரச்சினை இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தாக வேண்டும். கைபம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கலாம். அல்லது கூலன்ட்டில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கலாம். நான் முதலில் எடுப்பது கைபம்ப்தான்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, அந்த வாயிலேயே பம்பை மாட்ட வேண்டும். மூடியில் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருந்தால் ஏழுதான் ஏற்ற வேண்டும், 15 என்றால் பதினைந்து. கூடுதலாக ஏற்றினால் நன்றாக இருக்கிற ஹோஸும் ஜாயின்ட்டும் விட்டுவிடும். பிறகு இருபது நிமிடம் பம்பின் அழுத்தமானி முள்ளைக் கவனியுங்கள். மூடியையும் தனியாக அடாப்டரில் மாட்டிச் சோதிக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி வழியாகவே கூலன்ட் வெளியேறும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால்தான் கைபம்பின் அருமை தெரியும். சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு படகில் பத்து நிமிடத்தில் 15-லிருந்து 9-க்கு இறங்கியது. அதற்கு முன் இரண்டு தடவை சாயம் ஊற்றிப் பார்த்திருந்தார்கள், பலனில்லை. கடல்நீரால் கூலன்ட்டை ஆறவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உப்புத்தண்ணி ஹோஸ் இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றினேன். வாய் விளிம்பில் பச்சையாக ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, விழுந்தது. உள்ளே குழாய் அரித்து ஓட்டையாகியிருந்தது. கடலில் ஓடும்போது கூலன்ட் உப்புத்தண்ணியோடு கலந்து புகைபோக்கி வழியாகவே போய்விட்டிருக்கிறது. சாயமும் அதே வழியில் போனால் டார்ச்சுக்கு என்ன தெரியும்?

அங்கேயும் இல்லையென்றால் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிவிட்டு, அழுத்தம் ஏற்றிக் கீழிருந்து பாருங்கள். லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) அடியில் சொட்டினால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கிறது, அல்லது லைனரே அரித்திருக்கிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றுங்கள்.

சாயத்துக்கும் வேலை உண்டு. சூடேறி அதிரும்போது மட்டும் விடுகிற கசிவு, ஆறிய இன்ஜினில் கைபம்புக்குச் சிக்காமல் போகலாம். கூலன்ட்டைச் சுற்றவிடும் நல்லதண்ணி பம்பின் சீல் போனால் அடியிலிருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் துளித்துளியாக வந்து, சூட்டில் காய்ந்துவிடும். ஒரு ட்ரிப் ஓடி வந்து இருட்டில் டார்ச் அடித்தால் அந்தத் தடம் மஞ்சள் பச்சையாக மின்னும். ஆனால் ஊற்றுவதற்கு முன் இன்ஜினைக் கழுவித் துடைத்தாக வேண்டும், ஏனென்றால் ஆயில் கறையும் அந்த ஒளியில் மினுங்கி ஏமாற்றும். கரையேற்றிய படகில் உப்புத்தண்ணி பம்புக்கு வெளியிலிருந்து தண்ணீர் கொடுக்காமல் ஓட்டினால் அதன் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும். தடைக்காலத்தில் சாயத்தை நான் இரண்டாவதாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேங்கில் குமிழி வந்து, ஹோஸ் கல்லாக இறுகினால் மட்டும், எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவ கேஸ் டெஸ்ட் போதும். நிறம் மாறினால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல்.

பில்ஜில் கிடப்பது உப்புத்தண்ணியா கூலன்ட்டா என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். வெள்ளைத் துணியில் ஒற்றிக் காயவிடுங்கள்: உப்புத்தண்ணி என்றால் வெள்ளையாக உப்புப் படியும், கூலன்ட் என்றால் நிறத்தோடு பிசுபிசுக்கும்.